காலைல ஆன் பண்ணா ப்ளூ ஸ்க்ரீன், மத்தியானத்துக்கு மேல ஒழுங்கா ஓடுது: ராம் போச்சா?

பாபநாசம்_ஆல்பம்
எல்லாருக்கும் வணக்கம். வீட்லயே கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிக் குடுக்குறேன். கம்ப்யூட்டர் 2020ல அசெம்பிள் பண்ணது, ஐ5 பத்தாவது ஜெனரேஷன், எட்டு எட்டு ஜிபியா ரெண்டு ராம், டிடிஆர்4 2666, ரெண்டும் ஒரே டப்பால வந்தது, 500 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 10. ஐப்பசி மழை ஆரம்பிச்சதுலேந்து தொல்லை. ஒரு நாள் மெமரி மேனேஜ்மென்ட்னு நீலத்துல வந்து நின்னுடுது, ஒரு நாள் பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியான்னு வருது, இன்னொரு நாள் ஐஆர்க்யூஎல்னு ஆரம்பிச்சு என்னமோ வருது. வர்றப்பல்லாம் செல்லுல போட்டோ எடுத்து வச்சிருக்கேன். இது போதாதுன்னு போட்டோஷாப்பும் வேலை நடுவுல மெமரி பத்தலன்னு சொல்லிட்டு தானா மூடிக்குது. சர்வீஸ் கடைல மூணு தடவ ஃபார்மட் பண்ணியாச்சு, தடவைக்கு 600 ரூபா, வீட்டுக்கு கொண்டாந்து ரெண்டு நாள் நல்லா ஓடும், அப்புறம் பழைய குருடி கதவத் திறடிதான். கார்த்திகை கல்யாண ஆல்பம் ரெண்டு பாக்கி இருக்கு. மார்கழில முகூர்த்தம் இல்ல, அதுக்குள்ள இத ஒரு வழி பண்ணணும். புது ராம் வாங்கிடட்டுமா?

திருவாரூர்_லினக்ஸ்
ஒவ்வொரு தடவையும் வேற வேற பேர்ல நீலம் வருதுன்னா பெரும்பாலும் ஹார்டுவேர்தான் அண்ணா. ஒரே டிரைவர் கெட்டுப்போயிருந்தா பெரும்பாலும் ஒரே பேர்தான் திரும்பத் திரும்ப வரும். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள மினிடம்ப்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், நீலம் வர்றப்ப விண்டோஸ் எழுதி வைக்கற குறிப்பு அதுல இருக்கும், அத ஜிப் பண்ணிப் போடுங்க, பாத்துச் சொல்றேன். அப்படியே ஒண்ணு, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிடுச்சு, பேசாம உபுண்டு போட்டுக்கலாம்.

மாயூரம்_சும்மா
வந்துட்டான்யா. ராம் கெட்டிருந்தா உபுண்டு மட்டும் என்ன ஊதுவத்தி கொளுத்திக்கிட்டா ஓடும்?

மன்னை_மின்சாரம்
மின்வாரியத்துல லைன்மேனா இருந்து ரிட்டையர் ஆனவன், அதனால எனக்கு முதல்ல கரண்ட்தான் தோணும். நம்ம பக்கம் குறுவை சமயத்துல மேட்டூர் திறந்து தண்ணி கடைமடைக்கு வர்ற வரைக்கும் பம்புசெட்டு எல்லாம் ஒண்ணா ஓடும், வோல்டேஜ் 180க்கு இறங்கினத நானே அளந்திருக்கேன். உங்க எஸ்எம்பிஎஸ், அதான் கம்ப்யூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கற டப்பா, அது மேல லேபிள் இருக்கும் பாருங்க, 100லேந்து 240ன்னு போட்டிருந்தா கவலை இல்ல, 200லேந்து 240ன்னு மட்டும் போட்டிருந்தா லோ வோல்டேஜ்ல தள்ளாடும். இன்னொண்ணு, கேபினெட்ட வெறுங்காலோட தொட்டா சுருக்குனு இருக்குதா?

பாபநாசம்_ஆல்பம்
அண்ணா இல்ல தம்பி, அக்கா. மினிடம்ப் ஃபோல்டர் இருக்கு, ஆனா உள்ள ஒண்ணுமே இல்ல, காலி.
ஐயா, லேபிள்ல 100-240ன்னுதான் இருக்கு. வீட்டுக்காரர் மல்டிமீட்டர் வச்சு பிளக் பாயின்ட்ல பாத்தார், காலைல 218, ராத்திரி 205. பயாஸ்ல, அதான் விண்டோஸுக்கு முன்னாடி வர்ற செட்டிங் ஸ்க்ரீன்ல, 12 வோல்ட் எடத்துல 11.95 காட்டுது. சுருக்குனு இருக்குதான், செருப்பு போட்டுக்கிட்டுதான் உக்காருவேன்.

மன்னை_மின்சாரம்
செருப்பு போட்டுக்கறது வைத்தியம் இல்லம்மா. எர்த் இல்லன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ல ஃபில்டர் கெப்பாசிட்டர் ரெண்டு லைனுக்கும் கேபினெட்டுக்கும் நடுவுல இருக்கும், எர்த் இல்லன்னா கேபினெட்ல பாதி வோல்டேஜ், நூத்திப்பத்து பக்கம் மிதக்கும், கரண்ட் கம்மிங்கறதால சுருக்கோட போகுது. 12 வோல்ட்டுக்கு முன்ன பின்ன அஞ்சு சதவீதம், அதாவது 11.4லேந்து 12.6 வரை இருக்கலாம், உங்களோடது நல்லாதான் இருக்கு. சரி, நீலத்துக்கு கரண்ட் காரணம் இல்லன்னு ஒத்துக்கறேன், ஆனா எர்த்த விட்டுடாதீங்க.

குடந்தை_ஹார்டுவேர்
லேட்டா வர்றேன், மன்னிக்கணும். 20 வருஷமா இதே பொழப்பு. யாரும் ராம் வாங்கச் சொல்லாம இருந்ததே சந்தோஷம். சகோதரி, மூணு தடவ ஃபார்மட் பண்ணவர் ஒரு தடவையாவது ராம சோதிக்கற மெம்டெஸ்ட் ஓட்டினாரா? அதான் முதல் வேலை. விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் ஒண்ணு இருக்கு, ரீஸ்டார்ட் ஆகி ஓடும், எஃப்1 அமுக்கி எக்ஸ்டெண்டட் வைக்கணும், ஆனா அது நிறைய தடவ கெட்ட ராமுக்கும் நல்ல சர்டிஃபிகேட் குடுத்துடும். மெம்டெஸ்ட்86ஐ பென்டிரைவ்ல ஏத்தி அதுலேந்து பூட் பண்ணுங்க. இலவச வெர்ஷன் நாலு பாஸ், அதாவது நாலு சுத்து ஓடும், ராத்திரி போட்டுட்டுப் படுத்துடுங்க. மெம்டெஸ்ட்86+ன்னு கூட்டல் குறி போட்டு வேற ஒண்ணு இருக்கு, பேர் ஒண்ணுன்னாலும் ஆள் வேற, ரொம்ப வருஷம் தூங்கிட்டு 2022ல புது போர்டுக்கெல்லாம் ஓடற மாதிரி வந்துச்சு, அதுவும் நல்லதுதான். ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், பத்துக்கு ஒம்போது மார்க்குன்னு இதுல கிடையாது.

அப்புறம் முக்கியமா, இது முடியற வரைக்கும் அந்த மெஷின்ல ஃபைல் காப்பி பண்ணாதீங்க, பேக்கப்கூட எடுக்காதீங்க. ராம் வழியாதான் எல்லா டேட்டாவும் போகுது. கெட்ட ராம் இருக்கற மெஷின்ல காப்பி பண்ணா நல்ல ஃபைல் எங்கயோ ஒரு பிட் மாறி கெட்டுப்போய் உக்காரும், ஆறு மாசம் கழிச்சு கஸ்டமர் கேக்கும்போதுதான் தெரியும்.

பாபநாசம்_ஆல்பம்
ஐயோ, இப்பதான் ஞாபகம் வருது. போன வாரம் சுவாமிமலை பார்ட்டிக்கு அனுப்பின ஜேபெக்ல மூணு படத்துல பாதிக்குக் கீழ பச்சைக் கோடு கோடா இருந்துச்சு. வாட்ஸ்அப்ல அனுப்புனதால கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.

குடந்தை_ஹார்டுவேர்
ஒரிஜினல் மெமரி கார்டுல இன்னும் இருக்கா? இருந்தா அத அழிக்காதீங்க, தொடவே தொடாதீங்க.

பாபநாசம்_ஆல்பம் (அடுத்த நாள்)
கார்டு பத்திரமா பீரோல இருக்கு. நேத்து ராத்திரி பத்து மணிக்கு வேலைய முடிச்சுட்டு அப்படியே மெம்டெஸ்ட் போட்டேன். காலைல பாத்தா நாலு பாஸும் முடிஞ்சு பச்சைக் கலர்ல பாஸ்னு இருக்கு. எரர் சைபர். அப்ப ராம் நல்லா இருக்குதானே? சந்தோஷமா ஆஃப் பண்ணிட்டுப் போய் காபி போட்டு, குளிச்சு, சமைச்சுட்டு ஒம்போது மணிக்கு வந்து ஆன் பண்ணேன், பத்தே நிமிஷத்துல நீலம்.

திருவாரூர்_லினக்ஸ்
அப்ப ராம் இல்ல அக்கா, போர்டு இல்லன்னா பிராசசர்.

வேதை_உப்புக்காத்து
இருங்க இருங்க. தலைப்பிலயே அவங்க சொல்லிட்டாங்க, காலைலதான் வருது, மத்தியானத்துக்கு மேல வரலன்னு. ராத்திரி டெஸ்ட் போட்டப்ப பொட்டி பகல் பூரா ஓடி சூடா இருந்திருக்கும். எங்க ஊர் வேதாரண்யம், உப்பளத்துக்குப் பக்கத்துல வீடு, எங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. ஈரக்காத்து கான்டாக்ட்ல பூந்துக்கும், பொட்டி சூடாகி காஞ்சதும் சரியாயிடும். ராத்திரி முழுக்க ஆஃப்ல வச்சுட்டு விடியக்காலைல எழுந்தவுடனே, விண்டோஸுக்குள்ள போகாம, நேரா மெம்டெஸ்ட் போடுங்க. மார்கழிப் பனி வேற.

திருவாரூர்_லினக்ஸ்
சூடானா எரர் வரும்னுதானே எல்லாரும் சொல்வாங்க? குளிர்ந்தா வரும்ங்கறது புதுசா இருக்கு.

குடந்தை_ஹார்டுவேர்
சூட்டப் பத்தி எல்லாரும் பேசறதுதான். கூகுள் சர்வர்கள்ல இருந்த ராம்கள ரெண்டரை வருஷம் கவனிச்சு 2009ல ஒரு ஆய்வு வந்துச்சு, டொரான்டோ பல்கலைக்கழகத்தோட சேந்து பண்ணது. வருஷத்துக்கு நூறுல எட்டு ராமுக்கு ஒரு எரராவது வந்துச்சுன்னாங்க, அதுல சூட்டுக்கும் எரருக்கும் நாம நெனைக்கற அளவு சம்பந்தம் இல்லன்னும் சொன்னாங்க. ஆனா அது ஏசி ரூம்ல இருக்கற சர்வர், நம்ம வீட்டு முத்தத்துல ஈரத்துண்டு காயற எடத்துல இருக்கற பொட்டி இல்ல. வேதை அண்ணன் சொல்றதுதான் சரி. விடியக்காலைல போடுங்க சகோதரி, எரர் வந்தா ஸ்க்ரீன போட்டோ எடுத்துப் போடுங்க.

பாபநாசம்_ஆல்பம் (மறுநாள் காலை)
வாசல்ல கோலம் போடறதுக்கு முன்னாடி அஞ்சு மணிக்கே போட்டுட்டேன். கோலம் முடிச்சு வந்து பாத்தா செக்கச்செவேல்னு இருக்கு. 212 எரர். போட்டோ போட்டிருக்கேன்.

குடந்தை_ஹார்டுவேர்
அருமை. எரர் வந்ததுக்கு அருமைன்னு சொல்றானேன்னு நெனைக்காதீங்க, பூதம் கண்ணுக்குத் தெரிஞ்சாதான் ஓட்ட முடியும். போட்டோல ஒண்ணு கவனிங்க எல்லாரும். அட்ரஸ் ஒவ்வொண்ணும் வேற வேற, ஆனா கெட்ட பிட் எல்லா வரிலயும் ஒண்ணேதான். சிப்புக்குள்ள ஒரு செல் செத்திருந்தா ஒரே அட்ரஸ் திரும்பத் திரும்ப வரும். இங்க எந்த அட்ரஸ்னாலும் அதே பிட்டு அடி வாங்குதுன்னா அந்த பிட்ட சுமந்துக்கிட்டு வர்ற லைன்ல கோளாறு, அதாவது ராமோட தங்கக்கால் ஒண்ணு, இல்லன்னா ஸ்லாட்டுல இருக்கற அதோட ஜோடி. டிடிஆர்4ல 288 கால் இருக்கு, அதுல ஒண்ணு சரியா ஒட்டலன்னாலே இவ்ளோ ஆட்டம்.

இப்ப பிளக்க புடுங்கிட்டு பவர் பட்டன ஒரு தடவ அமுக்கி மிச்ச கரண்ட வெளியேத்திட்டு, ஒரு ராம மட்டும் வச்சு டெஸ்ட். அப்புறம் அதே ஸ்லாட்டுல இன்னொண்ணு. அப்புறம் ஸ்லாட்ட மாத்தி. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம்தான், ரெண்டு மாத்தம் ஒண்ணா பண்ணா எது காரணம்னு சத்தியமா தெரியாது. எல்லாம் விடியக்காலைலதான். எந்த ராம் எதுன்னு அடையாளம் போட்டுக்குங்க.

பாபநாசம்_ஆல்பம்
குங்குமம் ஒண்ணுக்கு, சந்தனம் ஒண்ணுக்கு வச்சுடவா?

குடந்தை_ஹார்டுவேர்
தாயே, தூள் எதுவும் வேணாம்! பேனால குறிங்க.

பாபநாசம்_ஆல்பம்
சும்மா சொன்னேன். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிட்டேன், லேபிள் மேலதான், சிவப்பு ஒண்ணு கறுப்பு ஒண்ணு.

மாயூரம்_சும்மா
ராமுக்கே பொட்டு வச்ச முதல் ஊர் பாபநாசம்.

பாபநாசம்_ஆல்பம் (மூணு நாள் கழிச்சு)
நோட்டுல எழுதி வச்சத அப்படியே போடறேன். முதல் நாள் சிவப்பு மட்டும், பிராசசர்லேந்து எண்ணி ரெண்டாவது ஸ்லாட்டுல, எரர் வந்துச்சு. அன்னிக்கே வீட்டுக்காரர் சிவப்பத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாம்னு வண்டிய எடுத்துட்டார், நான்தான் அண்ணன் சொன்னத முடிச்சுட்டு வாங்கலாம்னு நிறுத்தினேன். ரெண்டாம் நாள் கறுப்பு மட்டும், அதே ரெண்டாவது ஸ்லாட்டுல, அதுக்கும் எரர், அதே பிட்டு. மூணாம் நாள் சிவப்ப நாலாவது ஸ்லாட்டுல வச்சேன், நாலு பாஸும் சுத்தம்.

குடந்தை_ஹார்டுவேர்
பாத்தீங்களா, அன்னிக்கு வண்டி கிளம்பியிருந்தா புது ராமும் அதே ஸ்லாட்டுல போய் உக்காந்து அதே எரர் குடுத்திருக்கும், அப்புறம் புது ராமும் டூப்ளிகேட்னு கடைக்காரரோட சண்டைக்குப் போயிருப்பீங்க. ராம் ரெண்டும் தங்கம். ரெண்டாவது ஸ்லாட்டுலதான் கோளாறு. டார்ச் அடிச்சு ஸ்லாட்டுக்குள்ள ஒரு போட்டோ எடுங்க.

பாபநாசம்_ஆல்பம்
போட்டிருக்கேன். ஸ்லாட்டுக்குள்ள மட்டும் இல்ல, ஃபேன் மேல, எஸ்எம்பிஎஸ் ஓட்டைல எல்லாம் கறுப்பா மை மாதிரி படிஞ்சிருக்கு. ஓ, சொல்ல மறந்துட்டேனே, எங்க கொல்லைக்கு அந்தாண்ட ரைஸ் மில்லு. கம்ப்யூட்டர் ஜன்னலுக்குக் கீழ தரைல இருக்கு. காத்து அந்தப் பக்கத்துலேந்து அடிச்சா மாடில காயப்போட்ட வேட்டி கூட கறுத்துடும்.

வேதை_உப்புக்காத்து
முதல்லயே சொல்லிருந்தா பாதிப் பேச்சு மிச்சம். உமிச்சாம்பல்!

திருவாரூர்_லினக்ஸ்
ஆனா உமிச்சாம்பல்ல முக்காவாசிக்கு மேல சிலிக்காதான், மணல் மாதிரி, அது கரண்ட கடத்தாதே? நான் கெமிஸ்ட்ரி படிச்சவன்.

வேதை_உப்புக்காத்து
வெள்ளையா எரிஞ்ச சாம்பல்னா நீ சொல்றது சரி தம்பி. கறுப்பா இருக்குன்னா எரியாத கரி அதுல இருக்கு. அது கடத்துதோ இல்லியோ, ஈரத்தக் குடிக்கும், காலுக்கும் ஸ்லாட்டுக்கும் நடுவுல தலகாணி போட்டு உக்காரும், அது போதாதா.

திருவாரூர்_லினக்ஸ்
நடுவுல உக்காரும்ங்கறத ஒத்துக்கறேன். கடத்தும்ங்கறத ஒத்துக்கல.

குடந்தை_ஹார்டுவேர்
நீங்க ரெண்டு பேரும் மில்லுக்கே போய் பேசித் தீத்துக்குங்க. சகோதரி, சுத்தம் பண்றது இப்படி. வாயால ஊதாதீங்க, எச்சில் ஈரம் போய் இன்னும் ஒட்டும். மென்மையா காத்தடிக்கற ப்ளோயர் கிடைச்சா நல்லது, ஃபேன் ரெக்கைய விரலால புடிச்சுக்கிட்டு அடிங்க, சுத்த விடாதீங்க. அப்புறம் செல்போன் சர்வீஸ் பண்றவங்ககிட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இருக்கும், கொஞ்சம் வாங்கி, புது மென்மையான பிரஷ்ல தொட்டு ஸ்லாட்டு நீளவாக்குல தடவுங்க, குறுக்க தேய்க்காதீங்க, உள்ள இருக்கற ஸ்ப்ரிங் கால் வளைஞ்சா போர்டே போச்சு. கை கழுவற சானிட்டைசர ஊத்திடாதீங்க, அதுல கிளிசரின் இருக்கும், பிசுபிசுன்னு படிஞ்சுடும். ராமோட காலுக்கு எல்லாரும் ரப்பர் வச்சு தேய்க்கச் சொல்வாங்க, நானும் அந்தக் காலத்துல பண்ணவன்தான், ஆனா தங்க முலாம் ரொம்ப மெல்லிசு, அடிக்கடி தேய்ச்சா போயிடும், ரப்பர் துணுக்கு ஸ்லாட்டுல விழும். ஆல்கஹால்ல நனைச்ச துணி போதும். அரைமணி நேரம் காயவிட்டு, ரெண்டு பக்கமும் டக்கு டக்குன்னு பூட்டு விழற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க.

பாபநாசம்_ஆல்பம் (நாலு நாள் கழிச்சு)
சொன்ன மாதிரியே பண்ணேன். சிவப்பு ரெண்டாவதுல, கறுப்பு நாலாவதுல. மூணு விடியக்காலை தொடர்ந்து டெஸ்ட், மூணும் சுத்தம். நீலம் வரவே இல்ல. பொட்டிய ஜன்னலுக்குக் கீழேந்து எடுத்து எதிர்ச்சுவர்ல ஸ்டூல் மேல வச்சாச்சு. ஆனா நேத்து மத்தியானம் போட்டோஷாப் மறுபடியும் மெமரி பத்தலன்னு சொல்லிட்டு மூடிக்கிச்சு. அழுகையே வந்துடுச்சு. 16 ஜிபி பத்தாதா? அல்லது அந்த ஸ்லாட்டு இன்னும் சரியாகலயா?

குடந்தை_ஹார்டுவேர்
ஸ்லாட்டு இல்ல. இது வேற வியாதி, ரெண்டுலயும் மெமரின்னு பேர் வர்றதால குழம்பிட்டோம். உங்களுக்கு வந்த நீலம் ராம்ல எழுதினது ஒண்ணு படிச்சது ஒண்ணா இருந்ததால வந்தது. இது எடமே இல்லன்னு கையை விரிக்கறது. என்ன சைஸ் ஆல்பம் பண்றீங்க?

பாபநாசம்_ஆல்பம்
12க்கு 36 இன்ச், 300 டிபிஐ.

குடந்தை_ஹார்டுவேர்
அப்ப ஒரு ஷீட்டு 3600க்கு 10800 பிக்சல், கிட்டத்தட்ட மூணு கோடியே 89 லட்சம் புள்ளி, புள்ளிக்கு மூணு பைட்டுன்னா ஒரு முழு லேயருக்கே 117 எம்பி. 16 பிட்ல வச்சிருந்தா அதுல ரெட்டிப்பு. முப்பது லேயர், பின்னாடி ஹிஸ்டரி, பக்கத்துல குரோம்ல பாட்டு... டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரி போயி கமிட்டட்னு இருக்கற ரெண்டு நம்பரையும் சொல்லுங்க.

பாபநாசம்_ஆல்பம்
15.2/15.8ன்னு இருக்கு.

குடந்தை_ஹார்டுவேர்
15.8ஆ? 16 ஜிபி ராமுக்கு ரெண்டாவது நம்பர் அதோட நிக்கக்கூடாதே, ராமும், ராம் பத்தலன்னா விண்டோஸ் எஸ்எஸ்டில எடுத்துக்கற பேஜ் ஃபைலும் சேத்துதான் அந்தக் கணக்கு... அட! மினிடம்ப் காலின்னு முதல் நாளே சொன்னீங்களே, நானும் படிச்சுட்டு தாண்டிப் போயிட்டேன். பேஜ் ஃபைல் இல்லன்னா நீலம் வர்றப்ப விண்டோஸுக்கு டம்ப் எழுத எடம் இருக்காது, அதான் ஃபோல்டர் காலி. யாரோ விர்ச்சுவல் மெமரிய, அதாவது அந்த பேஜ் ஃபைல, ஆஃப் பண்ணி வச்சிருக்காங்க.

பாபநாசம்_ஆல்பம்
கடைசி ஃபார்மட்டுக்கு அப்புறம் அவர் எஸ்எஸ்டி தேயாம இருக்க, ஸ்பீடுக்கு ஒரு செட்டிங் போட்டிருக்கேன்னாரு...

குடந்தை_ஹார்டுவேர்
அதேதான். எஸ்எஸ்டி தேயறதுக்குள்ள உங்க பொறுமை தேஞ்சிருக்கு. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், அட்வான்ஸ்டு, விர்ச்சுவல் மெமரி, அதுல விண்டோஸே பாத்துக்கட்டும்னு இருக்கற முதல் டிக்க போட்டு ரீஸ்டார்ட். போட்டோஷாப் பிரிஃபரன்ஸ்ல மெமரிய அறுபது சதவீதத்துல வைங்க, போட்டோஷாப் தற்காலிகமா எழுதிக்க ஸ்கிராட்ச் டிஸ்க்குன்னு ஒண்ணு தனியா இருக்கு, பேஜ் ஃபைலும் அதும் வேற வேற, எஸ்எஸ்டில ஒரு ஐம்பது அறுபது ஜிபி காலியா இருக்கணும்.

திருவாரூர்_லினக்ஸ்
மினிடம்ப கேட்டதே நான்தான். காலின்னு சொன்னப்ப ஏன்னு யோசிக்காம விட்டுட்டேன். என் தப்புதான் அக்கா.

பாபநாசம்_ஆல்பம் (பத்து நாள் கழிச்சு)
கமிட்டட் இப்ப 15.4/25ன்னு காட்டுது. போட்டோஷாப் ஒரு தடவகூட மூடல, நீலமும் இல்ல. ஐப்பசிலேந்து காப்பி பண்ண படத்த எல்லாம் தூக்கிட்டு கார்டுலேந்து மறுபடி ஏத்தினேன், சுவாமிமலை ஆல்பம் புதுசா எக்ஸ்போர்ட் பண்ணி பக்கம் பக்கமா நூறு சதவீதத்துல பெருசாக்கிப் பாத்து அனுப்பிட்டேன். பொண்ணோட அம்மா அந்தப் பச்சைக் கோடு ஏதோ டிசைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்களாம், எங்க காணோம்னு கேக்கறாங்க. கேபினெட்டு காத்துவாங்கற பக்கம் பழைய நைலான் கொசுவலைய வெட்டி ஒட்டியிருக்கேன், வாரத்துக்கு ஒரு தடவ தட்டினா கறுப்பு கொட்டுது.

குடந்தை_ஹார்டுவேர்
வலை சரி, ஆனா சூடு ஏறுதான்னு ஒரு வாரம் பாத்துக்குங்க. சந்தேகமா இருந்தா மறுபடி மழைல ஒரு விடியக்காலை மெம்டெஸ்ட்.

மன்னை_மின்சாரம்
எல்லாம் சரிம்மா, எர்த் போட்டாச்சா?

பாபநாசம்_ஆல்பம்
எலக்ட்ரீஷியன் பொங்கல் கழிச்சுதான் வருவாராம் ஐயா. இன்னும் செருப்போடதான் உக்காந்திருக்கேன்.